சுகிர்தாவின் பெயரில் நுழைந்தவர்கள்

சுகிர்தா வேலைக்குச் சேர்ந்தபோது அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் மூன்று கொம்பியூட்டர்கள் இருந்தன. அவற்றில் இரண்டுதான் வேலை செய்தன. கண்டி நகரத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், கீழே பாமசியும் மேலே பல் வைத்தியரும் இருக்கும் கட்டடத்தின் நடுமாடி அது. அவளை எடுத்தது கொம்பியூட்டர் பார்க்கத்தான். ஆனால் முதல் வருஷம் முழுக்க வரவேற்பு மேசையில் துண்டுச் சீட்டு எழுதினாள், பிரின்டரில் சிக்கிய தாளை இழுத்தாள், சிங்களம் தெரியாதவர்களுக்குத் தமிழிலும் தமிழ் தெரியாதவர்களுக்குச் சிங்களத்திலும் விளங்கப்படுத்தினாள்.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா வீரையா தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு மலையேறிய மனிதர், ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். சுகிர்தா கண்டிக்கு வந்து டிப்ளோமா முடித்தாள். சந்திரகுமாரைக் கல்யாணம் செய்து வத்தேகம டவுனுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாள். அவன் கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான். ஏழு வயதில் ஒரு மகள்.

எட்டு வருஷத்தில் நிலையம் வளர்ந்தது. திகன, வத்தேகம, இன்னும் நான்கு ஊர்களில் இரத்தம் எடுக்கும் கிளைகள் வந்தன. கொரோனா காலத்தில் வைத்தியர்கள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு வீபிஎன் பெட்டி வாங்கினார்கள். இரண்டு விரல் உயரம், ஒரு கை அகலம், முன்பக்கத்தில் பச்சை விளக்குகள். கிளைகளும் வைத்தியர்களும் வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு அதுதான் வாசல். அதை மாட்டியதும், ஆட்களின் பெயர்களை அதில் பதிந்ததும், யார் வரலாம் யார் வரக்கூடாது என்று எழுதி வைத்ததும் சுகிர்தா. நிலையத்தில் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் பெட்டியைச் செய்த கம்பனியிடமிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. சுகிர்தா அதைக் காலை பஸ்ஸிலேயே, நின்றுகொண்டு, போனில் வாசித்தாள். மடவளை வருவதற்குள் மூன்று தடவை வாசித்துவிட்டாள். நிலையத்துக்குப் போனதும் நேரே டொக்டர் நிரஞ்சலாவின் அறைக்குப் போனாள்.

நிரஞ்சலா யாழ்ப்பாணத்துக்காரி. ஐம்பதைத் தாண்டியவர். நிலையத்தை நடத்துவது அவர்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் யார் சொல்வதையும் கேட்பார்.

"பெட்டியில ஒரு ஓட்டை டொக்டர். வெளிநாட்டுல ஏற்கனவே ஆளுங்க இதுக்குள்ள புகுந்திருக்காங்கன்னு கம்பனியே சொல்லுது."

"ஓட்டை எண்டால் என்ன? பாஸ்வேர்டை ஆரும் எடுத்திட்டினமோ?"

"பாஸ்வேர்டே தேவையில்ல டொக்டர்." எப்படிச் சொல்வதென்று சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். "இப்ப ஒருத்தர் இரத்தம் குடுக்க வர்றாரு. துண்டுல பேரு எழுதச் சொல்றோம். அவரு பேரை எழுதிட்டு, பக்கத்துலயே 'ஃபிரிட்ஜைத் தொறந்து வை'ன்னு எழுதிக் குடுக்கறாரு. லேப்ல உள்ளவங்க அதையும் வாசிச்சிட்டு ஃபிரிட்ஜைத் தொறந்து வச்சிட்டா எப்படி இருக்கும்? அதுதான் நடக்குது."

"ஆர் அப்பிடி லூசு வேலை செய்வினம்?"

"மனுசங்க செய்ய மாட்டாங்க. இந்தப் பெட்டி செய்யுது."

நிரஞ்சலா கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "நீர் செய்ய வேண்டியதைச் செய்யும்."

செய்தாள். கம்பனி சொன்ன தற்காலிக அடைப்பை அன்று பத்து மணிக்கே போட்டாள். ஓட்டையை மூடும் திருத்தம் வெளியான நாளில், கிளைகளுக்கெல்லாம் போன் பண்ணி அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதையும் ஏற்றினாள். யாராவது முன்பே உள்ளே வந்துபோயிருக்கிறார்களா என்று பார்க்கக் கம்பனி ஒரு சோதனையும் கொடுத்திருந்தது. அதை இரண்டு முறை ஓட்டினாள். இரண்டு முறையும் பெட்டி சுத்தம் என்றுதான் வந்தது.

பிறகு எல்லோரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும் என்று ஒரு கடிதம் அடித்து அனுப்பினாள். கிளைகளில் மாற்றினார்கள். அவளும் மாற்றினாள். வைத்தியர்கள் பலர் மாற்றவில்லை. இரண்டு பேர் நிரஞ்சலாவுக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டார்கள். "அவையைக் கொஞ்சம் விடும், பிறகு பாப்பம்" என்றார் நிரஞ்சலா. சுகிர்தாவும் விட்டுவிட்டாள். சோதனைதான் சுத்தம் என்று சொல்லிவிட்டதே.

ஐந்து கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தபோது, திகனக் கிளையிலிருந்து அஸ்ஃபர் போன் எடுத்தார். கிளையைத் திறப்பவரும் மூடுபவரும் அவர்தான்.

"தங்கச்சி, இங்க ஒண்டும் தொறக்குதில்ல. நோயாளிட பேர் எல்லாத்துக்கும் பின்னால விளங்காத எழுத்து நிக்கிது. ஸ்கிரீன்ல ஒரு கடதாசி மாதிரி ஈக்கிது, இங்கிலீஷ்ல."

"அதை வாசிங்க அஸ்ஃபர் நானா."

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுள்ளன என்று தொடங்கியது. சுகிர்தா கேட்டுக்கொண்டே பின்னலை முடித்தாள். ரிப்பனையும் கட்டினாள். சரியாகக் கட்டியிருந்தாள் என்று பிறகு ஞாபகம் வந்தது. அந்த நேரத்திலிருந்துதான் அவளுக்குள் ஏதோ நின்றுபோனது என்று சந்திரகுமார் சொல்வான். அவளுக்கு அப்படித் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, பஸ் எடுத்துப் போனாள்.

எட்டு வருஷத்து ரிப்போர்ட்டுகள் பூட்டப்பட்டிருந்தன. சேர்வரில் இருந்த பிரதியும் பூட்டப்பட்டிருந்தது. வெளியே ஒரு அலுமாரியில் வைத்திருந்த பழைய ஹாட்டிஸ்க்கில் இரண்டாயிரத்து இருபத்தொன்று வரை இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. பூட்டியவர்கள் திறப்பதற்குக் கேட்ட பணத்தைக் கொடுப்பதில்லை என்று நிலையத்தின் பணிப்பாளர்கள் முடிவெடுத்தார்கள்.

ஆட்களின் இரத்தம் அதற்காகக் காத்திருக்காது. மெஷின்கள் ஓடின, முடிவுகள் வந்தன, அவற்றை எங்கே எழுதுவதென்றுதான் தெரியவில்லை. ஒன்பது நாள் சுகிர்தா கையால் ரிப்போர்ட் எழுதினாள். சீனி, கொழுப்பு, டெங்குக்கு பிளேட்லெட். பெயர், வயது, இலக்கம். கிளைகளுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள், அந்தப் பக்கம் எழுதிக்கொண்டார்கள், திரும்ப வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. பல் வைத்தியரின் உதவியாள் மேலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி, மேலே ஆடை படர்ந்து, அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் நிரஞ்சலா கூப்பிட்டார். அறையில் கொழும்பிலிருந்து வந்த விசாரணைக் கம்பனியின் இளைஞர் ஒருவர் லப்டொப்போடு இருந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்கள்.

"சுகிர்தா, தைப்பொங்கலண்டு காலமை நீர் எங்க இருந்தனீர்?"

"வீட்டுல. பொங்கிட்டு வத்தேகம கோயிலுக்குப் போனோம்."

"வேலை ஏதும் செய்தனீரோ? வீட்டிலயிருந்து?"

"இல்ல டொக்டர்."

இளைஞர் லப்டொப்பைத் திருப்பினார். அது சேர்வரின் வரவுப் பதிவு. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று வரிவரியாக இருந்தது. பொங்கலன்று காலை ஒன்பது நாற்பத்தொன்று. பெயர், சுகிர்தா. வந்து எல்லாக் கோப்புறைகளையும் திறந்து பார்த்திருக்கிறாள். புதிதாக ஒரு கணக்கை உண்டாக்கியிருக்கிறாள். அதற்கு எல்லா உரிமையும் கொடுத்திருக்கிறாள். பிறகு வெளியே போயிருக்கிறாள். மாசி மாதத்தில் எல்லாவற்றையும் பூட்டியது அந்தப் புதிய கணக்கு.

சுகிர்தா அதை வாசித்தாள். தன் பெயர் இத்தனை வேலையைத் தவறில்லாமல் செய்திருப்பதைப் பார்த்தாள். கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

"இது நான் இல்ல" என்றாள். தன் குரல் தனக்கே ஏதோ போனில் கேட்பது மாதிரி இருந்தது.

"நான் நீர் எண்டு சொல்லேல்ல" என்றார் நிரஞ்சலா. "ஆனா விசாரணை முடியுமட்டும் வீட்டில நில்லும். எனக்கும் வேற வழி இல்லை."

மேசை லாச்சியில் இருந்த சீப்பையும், மகளின் படத்தையும், ஒரு சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். சாவிகளைக் கொடுத்ததற்குத் துண்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் இருந்த நாட்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறாக இருக்கவில்லை. அரிசி களைந்தாள், துணி காயப் போட்டாள். மழை வந்தபோது எடுத்தாள். பக்கத்து வீட்டில் லீவா என்று கேட்டபோது ஆமாம் என்றாள். சந்திரகுமார் அவளைப் பேச வைக்கப் பார்த்தான்.

"அழுதாலும் பரவாயில்ல சுகி. இப்படியே சும்மா உக்காந்திருக்காத."

"அழுக வரலைங்க."

"அப்ப அந்தப் பொம்பளையையாவது திட்டு."

"அவங்க என்ன செய்வாங்க? அவங்க இடத்துல நான் இருந்தாலும் அந்தப் பதிவைத்தான் நம்புவேன்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், நெடுநேரம் அங்கேயே நின்றான்.

ஒரு காரியத்தை மட்டும் அவள் விடவில்லை. தினமும் மகள் பள்ளிக்கூடம் போனதும், பெட்டியைச் செய்த கம்பனியின் அறிவித்தல் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எட்டு வருஷப் பழக்கம் என்று சொல்லலாம்.

பங்குனியில் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். கணினிக் குற்றங்களைப் பார்க்கும் பொலிஸ் பிரிவு. சந்திரகுமார் லீவு போட்டுக் கூட வந்தான். வாசலோடு அவனை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு அதிகாரி, அவள் வயதுதான் இருக்கும், மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார். அவளும் சிங்களத்தில் சொன்னாள். பொங்கலன்று கோயிலில் சந்திரகுமார் எடுத்த படத்தைக் காட்டினாள். மகளும் அவளும் நிற்கிறார்கள், நேரம் ஒன்பது முப்பத்தெட்டு.

"போனில் நேரத்தை மாற்றலாம், இல்லையா?" என்றார் அதிகாரி.

"மாற்றலாம்" என்றாள். அது உண்மைதான்.

"படம் எடுத்து மூன்று நிமிஷத்தில் போனிலிருந்தே உள்ளே போகவும் முடியும்."

"முடியும்."

அவர் கொஞ்சம் வியப்போடு அவளைப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளை அவர் சந்தித்திருக்க மாட்டார். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினார். ஆறு பக்கம். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து, ஓரிடத்தில் திகதி பிழை என்று காட்டி, திருத்தியபின் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் சந்திரகுமார், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். "நல்லவிதமாத்தான் பேசுனாங்க" என்றாள். திரும்பி வரும்போது கடுகண்ணாவை ஏற்றம் வரை தூங்கினாள்.

அதற்கு அடுத்த கிழமை அந்த அறிவித்தல் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருந்தது. தாங்கள் கொடுத்த சோதனையை ஏமாற்ற முடியும் என்று இப்போது தெரியவந்திருப்பதாகக் கம்பனி எழுதியிருந்தது. திருத்தம் வெளிவருவதற்கு வாரக்கணக்கில் முன்பே சில பெட்டிகளுக்குள் ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள். நுழைந்தவர்கள், பெயரும் பாஸ்வேர்டும் எழுதும் பக்கத்தில் ஒரு கட்டளை வரியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு யார் எதை எழுதினாலும் அது ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த வரியை எங்கே தேட வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

சுகிர்தா அதைப் படமெடுத்து நிரஞ்சலாவுக்கு அனுப்பினாள். கீழே இரண்டு வசனம் எழுதினாள். 'டொக்டர், பெட்டி பொலிஸ்கிட்ட இருக்கு. இந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்க.'

ஐந்து நிமிஷத்தில் நிரஞ்சலா போன் எடுத்தார். "ஓம், நான் இப்பவே கதைக்கிறன். நீர் போனைக் கிட்ட வச்சிரும்."

நான்கு நாள் கழித்து மறுபடியும் கொழும்பில் அதே பொலிஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நிரஞ்சலாவும் வந்திருந்தார். அவரே காரில் கூட்டிப் போனார். மாவனல்லையில் நிறுத்தி ஒரு இளநீர் வாங்கித் தந்தார், அவ்வளவுதான். அதிகாரியின் மேசையில் பெட்டி ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தது. விளக்கு எதுவும் எரியாததால் சின்னதாகத் தெரிந்தது.

"அந்த வரி இருந்தது" என்றார் அதிகாரி. "மார்கழிக் கடைசியிலிருந்து."

அந்தக் கோப்பையும் எடுத்திருந்தார்கள். அதில் ஆறு கிளைகளின் பாஸ்வேர்டுகளும் இருந்தன. வைத்தியர்களின் பாஸ்வேர்டுகள் இருந்தன. நிரஞ்சலாவுடையதும் இருந்தது. சுகிர்தா மாற்றுவதற்கு முன் வைத்திருந்தது பத்தொன்பது தடவை. அது அவளுடையதுதானா என்று உறுதி செய்ய வேண்டும் என்று அதிகாரி சொன்னார். தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். முதலில் தோட்டத்தின் ஒரு டிவிஷன் பெயர். அதற்குப் பின் நாலு இலக்கம்.

அது அவளுடைய அப்பாவின் செக்ரோல் நம்பர். தோட்டத்தில் காலையில் பேர் பதியும்போது வீரையா என்று கூப்பிட மாட்டார்கள், அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் அவர் அதற்குத்தான் 'ஐயா' என்று பதில் சொன்னார். மறந்துபோகாத நான்கு இலக்கம் என்று நினைத்துத்தான் வைத்திருந்தாள். சந்திரகுமாருக்குக்கூட அது தெரியாது. இப்போது நிரஞ்சலாவுக்கும், இந்த அதிகாரிக்கும், தட்டெழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரிக்கும், கடலுக்கு அப்பால் எங்கோ யாரோ சிலருக்கும் தெரியும்.

"உங்களுடையதா?"

"ஆமாம்."

அதிகாரி அதைச் சரியாக உச்சரித்தார் என்பதை மட்டும் கவனித்தாள். வேறு ஒன்றும் தோன்றவில்லை. நிரஞ்சலா மேசைக்குக் கீழே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்திருக்கிறார் என்பது கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். குற்றம் எதுவும் இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சம்பளத்தில் குறைக்கவில்லை. ஆனால் இப்போது வேறு கம்பனியின் பெட்டி வந்திருந்தது, அதைக் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டது. சுகிர்தாவை ரிப்போர்ட் கொடுக்கும் மேசையில் போட்டார்கள். பதவிக்கு ஒரு நல்ல பெயரும் வைத்தார்கள்.

முதல் நாள் நிரஞ்சலா அவளை அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உம்மில பிழை இல்லை எண்டு எனக்கு முதலே தெரியும் எண்டு சொன்னா அது பொய். தெரியாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டனான்."

"பரவாயில்ல டொக்டர்."

"பரவாயில்லை எண்டு சொல்லாதையும்."

சுகிர்தா, போகலாமா என்று கேட்டாள்.

அஸ்ஃபர் அன்று திகனயிலிருந்து இரத்த மாதிரிகள் வைத்த பெட்டியைத் தானே கொண்டுவந்தார். வழக்கமாக முச்சக்கர வண்டியில் கொடுத்துவிடுவார். "சும்மா பாத்திட்டுப் போகத்தான் வந்த, தங்கச்சி" என்றார். "எங்கட பக்கத்து ஆக்கள் கேட்டுக்கொண்டே ஈக்கிறாங்க, போன்ல நம்பர் வாசிச்ச பிள்ளை எங்கன்னு. அந்த ஒம்பது நாளும் ஒரு ரிப்போட்லயும் பிழை வரல்ல, தெரியுமா?" அவளுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, அழகம்மா என்று ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். குடையை வெளியே வைக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்திருந்தாள். புருஷனின் பழைய ரிப்போர்ட் வேண்டும் என்றாள். அவர் இறந்து ஒரு வருஷம். சிறுநீரகம். இப்போது மகனுக்கும் அதே மாதிரி சிறுநீரில் ஏதோ இருக்கிறதாம். பெரியாஸ்பத்திரி டொக்டர் தகப்பனுடைய பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

"எந்த வருஷம் எடுத்ததுங்க அக்கா?"

"இருபத்திரெண்டு, இருபத்திமூணு. மாசா மாசம் இங்கதான் எடுத்தோம். கையில இருந்ததெல்லாம் வீட்டுல தண்ணி வந்தப்ப நனைஞ்சு போச்சு. அவரு சொல்வாரு, அது போனா என்ன, கொம்பியூட்டர்ல இருக்கும்னு."

சுகிர்தா தேடுவதுபோல் திரையைப் பார்த்தாள். தேட ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இப்படி வருகிறவர்களிடம் 'சிஸ்டத்தில் பிரச்சினை' என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். இதுவரை அப்படித்தான் சொல்லி அனுப்பினாள்.

"எங்ககிட்ட இல்லைங்க அக்கா" என்றாள். "போயிருச்சு."

"எங்க போச்சு?"

அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. சுகிர்தா சொல்லத் தொடங்கினாள். வெளியிலிருந்து வருவதற்கு ஒரு வாசல் வைத்திருந்தோம். அந்த வாசலில் பெயர் கேட்கிற இடத்தில் கட்டளை எழுதினால் அது கேட்டுக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியாது. யாரோ உள்ளே வந்தார்கள். என் பேரில்தான் வந்தார்கள். எல்லாரோட ரிப்போர்ட்டையும் பூட்டினார்கள். பிரதி எடுத்துக்கொண்டு போனார்களா என்றும் தெரியாது. உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் இப்ப யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கலாம், இல்ல யார்கிட்டயும் இல்லாமலும் இருக்கலாம். எங்களால திருப்பி எடுக்க முடியல.

அழகம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நாலு பேர் நின்றார்கள்.

"அவரு ரிப்போட்ட வச்சு அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள் அழகம்மா கடைசியில்.

"ஒண்ணும் ஆகாதுங்க அக்கா."

அழகம்மாவின் முகம் மெதுவாகக் கோணியது. குடையைப் பிடித்த கையின் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுகிர்தா எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அவளைக் கதிரையில் இருத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். மெஷின் அறைக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்கள் பழைய தினசரிப் புத்தகம் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். இரண்டு புத்தகம் கிடைத்தது. இருபத்திரெண்டாம் வருஷத்தில் மூன்று மாதம் மட்டும், மெஷின் பழுதான காலத்தில், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் கணக்கைப் பேனையால் எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். இரண்டு இடத்தில் அந்த மனிதரின் பெயர் இருந்தது.

அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, மற்றவை அழிந்துவிட்டன என்று கீழே எழுதி, நிரஞ்சலாவிடம் கொண்டுபோனாள். நிரஞ்சலா வாசித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டுதான் கிடைச்சிச்சுங்க அக்கா. டொக்டர்கிட்ட காட்டுங்க. போதலைன்னா என்னைக் கேட்டு வாங்க, இன்னும் தேடிப் பார்க்கிறேன்."

அழகம்மா தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். சுகிர்தா அவளோடு படியிறங்கி வீதி வரைக்கும் வந்து கையை நீட்டிக் காட்டினாள். மழை விட்டிருந்தது. பஸ் வந்து அழகம்மா ஏறும்வரை அங்கேயே நின்றாள். மேலே வரிசையில் நின்றவர்களில் ஒருவர் யன்னலால் எட்டிப் பார்த்து, "மிஸ், எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று சத்தம் போட்டார்.

"வர்றேன், வர்றேன்" என்றாள்.